நிர்வாகம் பூட்டிய வேல்

எங்கள் கோயில் தலைவர் ஜெயரட்ணத்தின் வாயிலிருந்து 'நான்' என்ற சொல் வந்து ஒருவரும் கேட்டதில்லை. 'நிர்வாகம் தீர்மானித்திருக்கிறது' என்பார். 'நிர்வாகம் வருந்துகிறது' என்பார். ஒருநாள் சாப்பாட்டு மேசையில் மனைவி உஷாவிடம் 'நிர்வாகத்துக்குப் பசியில்லை' என்று சொன்னாராம். அது நான் கட்டிவிட்ட கதை என்று சிலர் சொல்கிறார்கள். சொல்லட்டும், கதை நல்ல கதைதானே.

என் பெயர் ரதிதேவி. போரைவிட்டு வந்து குடியேறிய இந்த நாட்டில், லின்ஃபீல்ட் என்ற புறநகரில் வாடகை வீடு. ஒரு ஷொப்பிங் மோலில் செக்யூரிட்டி வேலை. நான் ஐந்தடியைத் தொடாத ஆள், ஆனால் என் குரல் கார்த் தரிப்பிடத்தின் மறுகரை வரைக்கும் போகும் என்று மனேஜர் பாராட்டியிருக்கிறார். கழுத்தில் ஓர் அனுமதி அட்டை தொங்கும். அந்த அட்டை இல்லாவிட்டால் வேலை இல்லை. என் கணவர் யசீகரன் விமான நிலையத்தில் பொதி ஏற்றுகிறவர். இந்தக் கதை நடந்த வருடம் அவருடைய வேலை மணித்தியாலங்களைப் பாதியாகக் குறைத்துவிட்டார்கள். ஆகவே எங்கள் வீட்டு அடுப்பு எரிந்தது என் கழுத்து அட்டையால்தான்.

அட்டை தருவதற்கு முன்பு வகுப்பு வைத்துச் சட்டம் சொல்லித் தந்தார்கள். ஒருவரின் பையைப் பார்க்க வேண்டுமென்றால் கேட்க வேண்டும். அவர் மறுத்தால் வெளியே போகும்படி சொல்லலாம். கை வைப்பது கடைசிக்கும் கடைசி, அதுவும் அளவோடு. அளவு தவறினால் முறைப்பாடு, முறைப்பாடு போனால் அட்டை போகும். ஆயுதத்தோடு பொது இடத்தில் நீயே பிடிபட்டால் கேள்வியே இல்லை, அட்டையை அன்றைக்கே மறந்துவிடு என்று வகுப்பு எடுத்தவர் சிரிக்காமல் சொன்னார். நாங்களும் சிரிக்கவில்லை.

இரண்டாயிரத்துப் பதினாறாம் ஆண்டு சூரன் போருக்கு ஒரு மந்திரி வரப்போகிறார் என்று தெரிந்ததும் ஜெயரட்ணத்துக்குப் பாதுகாப்புக் காய்ச்சல் பிடித்தது. நகரத்தின் தெற்குப் பக்கம், பாபடோயிட்டோயில் ஒரு பழைய களஞ்சியத்தை வாங்கித்தான் எங்கள் கோயிலைக் கட்டினோம். பின்னால் நகரசபையின் புல்வெளி. சூரன் போர் அங்கேதான் நடக்கும். அந்தப் புல்வெளியைப் பற்றி ஜெயரட்ணம் கூட்டத்தில் கதைத்த கதையைக் கேட்டிருந்தால், ஏதோ நாட்டின் எல்லை என்று நினைத்திருப்பீர்கள்.

"உலகம் போற போக்கு சரியில்லை. நிர்வாகம் எதுக்கும் ஆயத்தமா இருக்கவேணும்," என்றார். "வாற எல்லாற்ற பையையும் திறந்து பாக்கிறது. கூரான சாமான் ஒண்டும் உள்ள வரக்கூடாது. ஆருக்கும் விதிவிலக்கு இல்லை. மறுத்தால் பிடிச்சு வைக்கிறது. ரதிதேவி பொறுப்பு."

"பிடிச்சு வைக்கேலாது," என்றேன்.

"ஏன்?"

"சட்டம் விடாது. கேக்கலாம். மாட்டன் எண்டால் போகச் சொல்லலாம். அவ்வளவுதான்."

"நிர்வாகம் சொன்னாலுமோ?"

எனக்கு மூக்கு நுனியில் கோபம். "நிர்வாகம் எண்டது ஆர்? ஒரு பேரைச் சொல்லுங்கோ. பொலிஸ் வந்து ஆர் சொல்லிப் பிடிச்சது எண்டு கேட்டால் நான் எந்தப் பேரைச் சொல்ல?"

ஜெயரட்ணம் கண்ணாடியைக் கழற்றி, துடைத்து, திரும்பப் போட்டார். பிறகு மறுபடியும் கழற்றித் துடைத்தார். "அதைப் பிறகு பாப்பம்," என்றார். கூட்டம் அடுத்த விஷயத்துக்குப் போனது. அடுத்த விஷயம் வடைக்கு உளுந்து.

வீட்டுக்கு வந்து யசீகரனிடம் கொட்டித் தீர்த்தேன். அவர் தேத்தண்ணீரை ஆற்றிக்கொண்டே கேட்டார்.

"விடும் ரதி. அவர் பட்ட மனுசன்."

"இஞ்ச ஆர் படாத ஆள்? ஓமந்தைச் சோதனைச்சாவடியில பையைத் திறந்து காட்டிக் காட்டியே என்ர இளமை போச்சு. இப்ப அந்தப் பக்கம் நிண்டு நான் திறவுங்கோ எண்டு சொல்லவேண்டிக் கிடக்கு."

"நீர் அன்பாக் கேப்பீர்," என்றார். யசீகரனோடு சண்டை பிடிக்க முடியாது. இரண்டாவது வடைக்கும் அனுமதி கேட்கிற மனிதர் அவர். வருடத்தில் ஒரே ஒரு பின்னேரம் மட்டும் ஆள் மாறிவிடுவார். சூரன் சிலையைத் தூக்குகிற தண்டுகளில் முன்வலத் தண்டு அவருடைய தோளுக்குத்தான். மேளம் உச்சத்துக்குப் போனால் அந்தப் பத்துப் பன்னிரண்டு பேரும் சூரனோடு சேர்ந்து ஆடுவார்கள், ஓடுவார்கள், முருகனின் முகத்துக்கு நேரே போய்த் திமிராக நிற்பார்கள். அலுவலகக் கதிரைகளில் தேய்ந்த இடுப்புகள்தான் எல்லாம். அடுத்த கிழமை பாதிப் பேர் வேலைக்குச் சுகயீன லீவு போடுவார்கள்.

அந்த வருடம் சூரன் போர் விழுந்த தேதி நவம்பர் ஐந்து, சனிக்கிழமை. அதே நாளில் இந்த ஊர்க்காரரும் வெடி கொளுத்துவார்கள். நானூறு வருடத்துக்கு முன்பு லண்டனில் பாராளுமன்றத்துக்குக் கீழே வெடிமருந்து வைத்த ஒருவன் பிடிபட்டானாம். அதற்கு இன்னும் கொண்டாட்டம். அவர்களுக்கும் ஒரு சூரன் இருக்கிறான் என்று யசீகரன் சந்தோஷப்பட்டார். ஜெயரட்ணத்துக்கோ நித்திரை போனது. மந்திரி, வெடி, சூரன் மூன்றும் ஒரே நாளில்.

அன்று மத்தியானமே வாசலில் நின்றேன். எல்லோருக்கும் கண்ணைக் குத்துகிற மஞ்சள் மேலங்கி. வோக்கி டோக்கி இரண்டே இரண்டு. வாசலுக்கு நான், சமையல்கூடப் பக்கத்துக் கதவுக்குக் குமாரசாமி. குமாரசாமி மலேசியாவில் கிள்ளான்காரர், இளமையில் அங்கே தொண்டர் படையில் இருந்தவர். மனிதர் தங்கம், ஆனால் ஒரு கட்டளை கொடுத்தால் அதைத் திரும்ப எடுப்பதற்குள் போதும் போதும் என்றாகிவிடும்.

சனம் வந்தது. "பையைக் கொஞ்சம் பாக்கலாமோ?" என்று அன்பாகத்தான் கேட்டேன். ஒருவரும் மறுக்கவில்லை. மறுக்காததுதான் எனக்கு என்னவோ செய்தது. மோலில் பள்ளிக்கூடப் பொடியன்கள்கூட 'உனக்கு என்ன உரிமை' என்று கேட்பார்கள். இங்கே நான் வாயைத் திறப்பதற்கு முன்பே பைகள் திறந்தன. மவுண்ட் ஆல்பர்ட்டிலிருந்து ரயிலில் வந்த சபாரத்தினம் அண்ணை என் மஞ்சள் அங்கியைக் கண்டதும் சட்டைப் பையிலிருந்து கார் லைசன்ஸை எடுத்து நீட்டிக்கொண்டு விறைப்பாக நின்றார்.

"அண்ணை, கோயிலுக்கு லைசன்ஸ் வேண்டாம்."

"கை தானாப் போகுது பிள்ளை," என்றார். இரண்டு பேரும் சிரித்தோம். சிரித்து முடிந்த பிறகும் அவர் லைசன்ஸை உள்ளே வைக்கவில்லை, நான் சொல்லும்வரை கையிலேயே பிடித்திருந்தார்.

சமையல்கூடப் பக்கம் வேறு கூத்து. குமாரசாமி கூரான சாமான்கள் எல்லாவற்றையும் ஒரு பிளாஸ்டிக் பெட்டியில் வாங்கிப் போட்டார். தேங்காய் உடைக்கிற கத்தி, மாலை கட்டுகிறவர்களின் கத்தரிக்கோல், மரக்கறி வெட்டக் கொண்டுவந்த அருவாள், ஒன்றையும் விடவில்லை. பெட்டி நிறைந்ததும் ஜெயரட்ணம் அதைத் தன் காரின் டிக்கியில் வைத்துப் பூட்டினார். அரை மணித்தியாலத்தில் அன்னதானச் சமையல் நின்றது. உஷா அக்கா மந்திரி உட்காரப்போகும் புல்வெளிக்குப் பக்கத்திலேயே ஒரு பூசணிக்காயைத் தலைக்கு மேல் தூக்கிச் சீமெந்துத் தரையில் போட்டு உடைத்தார்.

"நாட்டைக் காப்பாத்தி முடிஞ்சால் எனக்கொரு கத்தி தாங்கோ," என்று புருஷனைப் பார்த்துச் சத்தமாகச் சொன்னார். ஜெயரட்ணம் காதில் விழாதவர்போல வோக்கி டோக்கியில் யாரிடமோ கதைத்தார். மற்ற வோக்கி டோக்கி என்னிடம் இருந்தது. அதில் ஒன்றும் வரவில்லை.

மந்திரி வந்தார். உயரமான, சிரித்த முகத்துப் பெண்மணி. சப்பாத்தைத் தானே கழற்றி ஒழுங்காக வைத்தார். கூட வந்தது ஒரே ஒரு பொலிஸ்காரர், சார்ஜண்ட் டவிட்டா, சமோவாக்காரர். தோள் மட்டும் ஒரு கதவு அகலம். இடுப்பில் துப்பாக்கி இல்லை. இந்த ஊர்ப் பொலிஸ் அதைக் காருக்குள் பூட்டித்தான் வைத்திருக்கும். முதல்முதல் இந்த நாட்டுக்கு வந்தபோது எனக்கு அதை நம்ப இரண்டு மூன்று மாதம் பிடித்தது.

சார்ஜண்ட் ஜெயரட்ணத்துக்குக் கை கொடுத்து, "நான் தெரிந்துகொள்ள வேண்டியது ஏதாவது இருக்கிறதா?" என்று ஆங்கிலத்தில் கேட்டார். சும்மா ஒரு மரியாதைக் கேள்வி.

"ஆயுதம் என்று இந்த இடத்தில் ஒன்றுமே இல்லை. நிர்வாகம் உறுதியளிக்கிறது," என்றார் ஜெயரட்ணம், அவரும் ஆங்கிலத்தில்.

"நான் ஆயுதம் பற்றிக் கேட்கவில்லையே," என்று சார்ஜண்ட் சிரித்தார். ஜெயரட்ணம் சிரிக்கவில்லை. எனக்கு அப்போதே ஏதோ பொறி தட்டியது. ஆனால் வாசலில் சனம் நின்றது, நான் போய்விட்டேன்.

பின்னேரம் மேளம் தொடங்கியது. ஒரு கரையில் முருகன், கையும் தெரியாத பூ மாலைகளுக்குள் சிரித்துக்கொண்டு. மறுகரையில் சூரன், சிவப்பு முகமும் முறுக்கு மீசையும் பெரிய பற்களுமாக, ஆட்களின் தோளில். முதலில் யானைத் தலையோடு ஆடினான். தலை மாற்றினார்கள், சிங்கத் தலையோடு ஆடினான். பிறகு சொந்தத் தலையோடு வந்தான். பக்கத்து வீடுகளில் வேளைக்கே வெடி கொளுத்தத் தொடங்கிவிட்டார்கள். ஒவ்வொரு வெடிக்கும் எங்கள் சனத்தில் பாதித் தலைகள் தாமாகக் குனிந்து, பிறகு வெட்கத்தோடு நிமிர்ந்தன. பிள்ளைகளோ கைதட்டினார்கள். அவர்களுக்கு வெடி என்றால் வெடிதான்.

யசீகரனைப் பார்த்தேன். கண் சிவந்து, தலைமயிர் நெற்றியில் ஒட்டி, ஆள் சூரனாகவே மாறிவிட்டார். மந்திரிக்கு நேரே ஓடிவந்து ஓரடி தள்ளி நின்று சூரனை ஆட்டினார்கள். மந்திரி கதிரையோடு பின்னுக்குப் போய், பிறகு பிள்ளைபோலக் கைகொட்டிச் சிரித்தார்.

கடைசி ஆட்டம். இனி ஐயர் முருகனின் கையிலிருந்து வேலை எடுத்துக்கொண்டு வந்து சூரனைத் தொட வேண்டும். தொட்டால் தலை விழும், மாமரக் கொப்பு நிமிரும், பிறகு சேவலும் மயிலும். ஐயர் கும்பகோணத்துக்காரர், இரண்டு வருடமாக எங்களோடு. அவர் முருகனிடம் போனார். கையை நீட்டினார். நீட்டிய கை அப்படியே நின்றது.

முருகனின் கையில் வேல் இல்லை.

ஐயர் பீடத்துக்குப் பின்னால் பார்த்தார், பூக்கூடைக்குள் பார்த்தார், என்னைப் பார்த்தார். நான் ஓடிப்போனேன்.

"வேல் எங்கம்மா? மினுக்கக் கொடுத்தோமே, பட்டுல சுத்தி, சமையல்கட்டு வழியா கொண்டுவந்து வச்சுடறேன்னாங்களே மாலை கட்டுற அந்தம்மா."

சமையல்கூட வழி என்றதும் எனக்கு விளங்கிவிட்டது. குமாரசாமியைப் பிடித்தேன்.

"ஆமா, பட்டுத் துணியில சுத்தி ஒண்ணு வந்துச்சு. பெட்டியில போட்டேன்."

"வேல் எண்டு தெரியேல்லையோ உங்களுக்கு?"

"தெரியாம என்னா? பத்துமலையில காவடி எடுத்தவன் நான். ஆனா கூரா இருந்துச்சு. விதிவிலக்கு கெடயாதுன்னு தலைவர்தானே சொன்னாரு. அவர்கிட்டயும் சொல்லித்தான் கொடுத்தேன் லா."

முருகனையே நிராயுதபாணி ஆக்கிவிட்டோம். சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி இடம் கொடுக்க மாட்டான் என்பார்கள். இங்கே பூசாரி பாவம் கையை விரித்துக்கொண்டு நிற்கிறார், இடம் கொடுக்காதது மஞ்சள் மேலங்கி.

சூரன் ஆடிக்கொண்டே இருந்தான். வேல் தொடும்வரை அவனைக் கீழே வைக்கக்கூடாது. எத்தனையோ தலைமுறையாக உள்ள முறை அது. இன்னொரு சுற்றுச் சுற்றினார்கள். மேளகாரர் என்னைப் பார்த்துக் கண்ணால் 'என்ன?' என்றார். அடியுங்கள் என்று கை காட்டினேன். இன்னொரு சுற்று. பின்தண்டில் ஒருவர் நொண்டத் தொடங்கினார்.

மந்திரிக்குப் பக்கத்தில் இருந்த ஜெயரட்ணத்தின் காதில் குனிந்தேன்.

"டிக்கித் திறப்பைத் தாங்கோ."

"ஏலாது," என்றார், முன்னால் பார்த்துக்கொண்டே. "நிர்வாகம் ஆயுதமில்லை எண்டு பொலிசுக்குச் சொல்லிப்போட்டுது. இப்ப ஈட்டியை எடுத்துக்கொண்டு வந்தால் என்ன நினைப்பான்?"

"அப்ப சூரனை என்ன செய்யிறது? திங்கக்கிழமை வரைக்கும் தூக்கிக்கொண்டு நிக்கிறதோ?"

"ஒரு தடியால தொடச் சொல்லுங்கோ ஐயரை."

ஐயரிடம் ஓடினேன். அவர் தலையை ஆட்டிவிட்டார். "தடியால அடிச்சா அது அடிதடிம்மா. என்னால ஆகாது."

திரும்பி வந்தேன். யசீகரனின் வலது முழங்கால் மடங்கி நிமிர்ந்ததைக் கண்டேன். பொதி தூக்கித் தூக்கிப் போன முழங்கால். என் முகத்தைப் பார்த்து ஜெயரட்ணத்துக்கும் ஏதோ விளங்கியிருக்க வேண்டும். சட்டைப் பையிலிருந்து திறப்பை எடுத்துக் கதிரைக்குக் கீழே நீட்டினார், இன்னும் முன்னால் பார்த்துக்கொண்டே.

"நிர்வாகத்துக்கு இது தெரியாது," என்றார்.

"அப்ப எடுத்தது ஆர்?"

"நீங்கள்."

அந்த இடத்திலேயே இரண்டு கேள்வி கேட்டிருப்பேன். மந்திரி இருந்ததால் தப்பினார். திறப்பைப் பறித்துக்கொண்டு ஓடினேன்.

ஜெயரட்ணத்தின் கார் எங்கே நின்றது தெரியுமா? பொலிஸ் காருக்குப் பக்கத்தில். பாதுகாப்பான இடமாம். சார்ஜண்ட் டவிட்டா தன் காரில் சாய்ந்து நின்று வடை சாப்பிட்டுக்கொண்டிருந்தார். டிக்கியின் பூட்டுக்கு முன்னால் ஒரு கணம் நின்றேன். கழுத்தில் அட்டை. வகுப்பு எடுத்தவரின் சிரிக்காத முகம் ஞாபகம் வந்தது. திங்கட்கிழமை வேலை, வாடகை, யசீகரனின் பாதி மணித்தியாலம் எல்லாம் ஞாபகம் வந்தன. எனக்குப் பயமாக இருந்தது, அதை ஏன் மறைக்க வேண்டும். அட்டையைக் கழற்றிப் பையில் போடலாமா என்றுகூட நினைத்தேன். பிறகு அது களவெடுக்கிறவர்களின் வேலை என்று விட்டுவிட்டேன்.

டிக்கியைத் திறந்து, கத்திகளுக்கும் கத்தரிக்கோல்களுக்கும் நடுவிலிருந்து பட்டுப் பொதியை எடுத்தேன். துணியை அவிழ்த்தேன். என் நெஞ்சு உயர வேல், மினுக்கிய மினுக்கில் முகம் தெரிந்தது. அதை இரண்டு கையாலும் கிடையாகப் பிடித்துக்கொண்டு நேரே சார்ஜண்டிடம் போனேன்.

அவர் வடையை மெல்வதை நிறுத்தினார். "அது ஈட்டி," என்றார்.

"ஓம், ஈட்டிதான்."

"ஆயுதம் இல்லை என்றார்கள்."

"சொன்னார்கள். இது டிக்கிக்குள் இருந்தது. இப்போது இதைக் கொண்டுபோக வேண்டும். ஒளித்துக்கொண்டு போக எனக்கு விருப்பமில்லை. உங்களைக் கேட்கிறேன்."

அவர் என் அட்டையைப் பார்த்தார், வேலைப் பார்த்தார். "எதற்கு?"

"அந்த ஆளைக் கொல்ல," என்று புல்வெளியைக் காட்டினேன். சூரன் அப்போதுதான் தள்ளாடிக்கொண்டு இன்னொரு சுற்று வந்தான்.

சார்ஜண்ட் மிச்ச வடையைக் காரின் மேல் வைத்தார். "எச்சரிக்கை கொடுத்தீர்களா?"

"ஆறு நாள் அவகாசம். தூதும் அனுப்பினோம்."

"வெளியேறும்படி சொன்னீர்களா?"

"சிறைப்பிடித்தவர்களை விடு என்று சொன்னோம். மாட்டேன் என்றுவிட்டார்."

"செத்த பிறகு என்ன செய்வீர்கள்?"

"சாகமாட்டார். ஒரு பாதி மயிலாகும், ஒரு பாதி சேவலாகும். மயிலுக்குப் போக்குவரத்தில் வேலை. சேவல் கொடியில்."

"எங்கள் மறியல்சாலையைவிட நல்ல ஏற்பாடு," என்றார். பிறகு வாயைத் துடைத்துக்கொண்டு, "எங்கள் கலியாண வீட்டிலும் கத்தி வைத்து ஆடுவோம். பிரச்சினை இல்லை. ஆனால் ஒரு பெயர் வேண்டும். இந்த இடத்துக்கு யார் பொறுப்பு?" என்று கேட்டார்.

எனக்குப் பின்னால் மூச்சிரைக்கிற சத்தம் கேட்டது. ஜெயரட்ணம். கதிரையில் இருக்க முடியாமல் பின்னால் வந்துவிட்டார் போல. சார்ஜண்ட் அவரைப் பார்த்தே திரும்பவும் கேட்டார். "ஐயா, யார் பொறுப்பு?"

ஜெயரட்ணத்தின் வாய் திறந்தது. சத்தம் வரவில்லை. முகத்தில் இரத்தம் இல்லை, கை இரண்டும் தாமாகவே பக்கத்தில் ஒட்டிக்கொண்டன. சபாரத்தினம் அண்ணை வாசலில் நின்ற அதே விறைப்பு. எனக்கு அப்போது அது தெரியவில்லை. எனக்குத் தெரிந்ததெல்லாம் கோபம். ஒரு வருடமாக நிர்வாகம் நிர்வாகம் என்று குதித்த மனிதனுக்குத் தேவையான நேரத்தில் வாய் அடைத்துவிட்டதே என்ற கோபம்.

"நான்," என்றேன். "நான்தான் பொறுப்பு."

"சரி," என்றார் சார்ஜண்ட். "கூர்ப்பக்கம் கீழே. மெதுவாக நடவுங்கள். நான் பக்கத்தில் வருகிறேன்."

அப்படித்தான் அந்த வருடம் முருகனின் வேல் பொலிஸ் காவலோடு போர்க்களத்துக்கு வந்தது. சனம் வழி விட்டது. யாரோ அரோகரா சொன்னார்கள், பிறகு எல்லோரும் சொன்னார்கள். மந்திரி இது முறைதான் என்று நினைத்துக் கும்பிட்டார். ஐயர் வேலை வாங்கி முருகனின் கையில் ஒரு கணம் வைத்து எடுத்து, ஓடிப்போய்ச் சூரனைத் தொட்டார். தலை விழுந்தது. மாமரக் கொப்பு நிமிர்ந்தது. சேவல் வந்தது, மயில் வந்தது. யசீகரன் புல்லில் மல்லாந்து படுத்துக்கொண்டு வானத்தைப் பார்த்துச் சிரித்தார்.

"இந்தமுறை சூரன் வெண்டுபோட்டான் எண்டு நினைச்சன்," என்றார்.

அவருடைய முழங்காலுக்கு ஐஸ் தேடிக்கொண்டிருந்தபோது சார்ஜண்ட் என்னிடம் வந்தார். சட்டைப் பையிலிருந்து குறிப்புப் புத்தகத்தையும் பேனாவையும் எடுத்தார். மந்திரி வந்த இடத்தில் முதலில் இல்லையென்ற ஆயுதம் பிறகு வந்ததால், நடந்ததை எழுதிக் கொடுக்க வேண்டுமாம்.

"உங்கள் முழுப் பெயர்?"

என் கை கழுத்து அட்டைக்குப் போனது. பொலிஸ் அறிக்கையில் என் பெயர், பக்கத்தில் ஈட்டி என்ற சொல். அட்டை தருகிற இடத்தில் அதை வாசிக்கிற ஒஃபிஸ்காரனுக்குச் சூரனையும் தெரியாது, மயிலையும் தெரியாது. யசீகரன் சிரிப்பதை நிறுத்திவிட்டார்.

"ரதி—" என்று தொடங்கினேன்.

"அவ இல்லை."

ஜெயரட்ணம் எங்களுக்கும் சார்ஜண்டுக்கும் நடுவில் வந்து நின்றார். மஞ்சள் மேலங்கியைக் கழற்றி எங்கோ போட்டுவிட்டிருந்தார். அது இல்லாமல் மெலிந்த, சாதாரண மனிதராகத் தெரிந்தார். மிச்சத்தை ஆங்கிலத்தில் சொன்னார்.

"இவர் பெயரை எழுதாதீர்கள். தலைவர் நான். கூரானதெல்லாம் பறிக்கச் சொன்னது நான். வேல் என்று தெரிந்தும் பூட்டியது நான். இல்லையென்று உங்களிடம் சொன்னதும் நான். என் பெயரை எழுதுங்கள்."

சுற்றி நின்ற சனம் ஒருமுறை மூச்சை இழுத்துக்கொண்டது. அத்தனை 'நான்' அவர் வாயிலிருந்து ஒரே மூச்சில் வரும் என்று யார் கண்டது? உஷா அக்கா பூசணித் துண்டைக் கையில் வைத்தபடி ஓடிவந்து அவர் கையைப் பிடித்துக்கொண்டார். பகிடிக்குப் பிடிக்கவில்லை, விழுந்துவிடுவார் என்று பிடித்தார்.

சார்ஜண்ட் பெயரைக் கேட்டார். ஜெயரட்ணம் எழுத்து எழுத்தாகச் சொன்னார். தகப்பன் பெயரையும் சொன்னார். சார்ஜண்ட் இரண்டு இடத்தில் வெட்டி எழுதினார். "என்னுடைய மாமாவின் பெயர் இதைவிட நீளம்," என்று ஆறுதல் சொன்னார். பிறகு புத்தகத்தை மூடிச் சட்டைப் பையில் போட்டார்.

"நன்றி ஐயா. அடுத்த முறை கேட்டால், 'ஈட்டி இருக்கிறது, மயிலாகவும் சேவலாகவும் வேலைக்குச் சேரப்போகும் ஒருவரைக் கொல்ல' என்று சொல்லுங்கள். நான் எழுதிக்கொள்கிறேன்."

ஜெயரட்ணம் அசையவில்லை. "இனி?" என்று கேட்டார்.

"இனி என்ன?"

"நான் எங்கே வரவேண்டும்?"

சார்ஜண்டுக்கு விளங்கவில்லை. "எங்கேயும் வரத் தேவையில்லை."

"அவ்வளவுதானா?"

"அவ்வளவுதான்."

"நான் வீட்டுக்குப் போகலாமா?"

"இது உங்கள் இடம் ஐயா," என்றார் சார்ஜண்ட் மெதுவாக. "நான்தான் போகவேண்டும். வடை இன்னும் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு."

அவர் போனார். ஜெயரட்ணம் புல்லில், யசீகரனுக்குப் பக்கத்தில் அப்படியே குந்தினார். வேட்டியில் மண் பட்டதைக்கூடப் பார்க்கவில்லை. நான் ஐஸ் பொதியோடு நின்றேன்.

"வவுனியாவில பள்ளிக்கூட அதிபரா இருக்கேக்க ஒருநாள் ஆமிக்காரங்கள் வந்தவங்கள்," என்றார் ஜெயரட்ணம், ஒருவரையும் பார்க்காமல். "இந்தப் பள்ளிக்கூடத்துக்கு ஆர் பொறுப்பு எண்டு கேட்டாங்கள். இதே கேள்வி. நான் எண்டு சொன்னனான். திரும்பி வீட்டை வர இரண்டு வருசம்."

உஷா அக்கா அவருடைய தலையில் ஒட்டியிருந்த பூ இதழைத் தட்டிவிட்டார். ஒரு வருடமாக நான் கட்டிவிட்ட பகிடிகள் ஒவ்வொன்றாக ஞாபகம் வந்தன. பக்கத்து வீட்டில் ஒரு பெரிய வெடி வெடித்தது. எல்லோரும் குனிந்தோம். ஜெயரட்ணமும் குனிந்துவிட்டு நிமிர்ந்து, சார்ஜண்ட் போன பக்கத்தைப் பார்த்தார். அவர் சமையல்கூட வாசலில் குமாரசாமிக்கு முன்னால் கையை உயர்த்திக்கொண்டு நின்றார். குமாரசாமி அவருடைய சட்டைப் பையைச் சோதித்து, பேனா கூராக இருக்கிறது என்று ஏதோ விளக்கிக்கொண்டிருந்தார்.

ஜெயரட்ணம் எழும்பினார். வேட்டியைத் தட்டினார்.

"ஆர் குமாரசாமி அண்ணைக்கு இன்னும் சோதிக்கச் சொன்னது?" என்று கேட்டேன்.

"நான்," என்றார். "இருங்கோ, போய் நிப்பாட்டிப்போட்டு வாறன்."